கஞ்சி குடித்த குல்லா

உண்ணாமலை நாற்பத்திரண்டு வயது வரைக்கும் கம்பளி நூலைக் கையால் தொட்டதில்லை. தொட வேண்டிய அவசியமும் வரவில்லை. வெண்ணந்தூரில் குளிர் என்பது மார்கழி விடியற்காலையில் ஒரு மணி நேரம் தலையைக் காட்டிவிட்டு, சேவல் கூவி முடிப்பதற்குள் ஓடிப்போகிற விருந்தாளி. அதற்கு ஒரு துண்டு போதும். அந்தத் துண்டும் உள்ளூரிலேயே நெய்தது. ஆட்டின் மேலிருக்கும் மயிரைக் கத்தரித்து மனிதன் தலையில் மாட்டுவார்கள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், அவள் ஆட்டுக்காகத்தான் வருத்தப்பட்டிருப்பாள்.

அவள் தொழில் பாவு பிணைப்பது. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் நெய்து தீர்ந்ததும், பழைய நூல் ஒவ்வொன்றின் நுனியிலும் புது நூல் ஒன்றைச் சேர்த்து முறுக்கிவிட வேண்டும். ஆயிரத்துச் சொச்சம் நூல். பெருவிரலில் ஒரு பொட்டுக் கஞ்சி, ஒரு முறுக்கு, ஒரு உருட்டு, அடுத்த நூல். முடிச்சுப் போட்டால் அது தறியில் மாட்டி அறுத்துக்கொள்ளும். ஆகவே முடிச்சே இல்லாமல் ஒட்ட வேண்டும். ஊரில் முப்பது தறிக்கு அவள்தான் பிணைத்தாள். பாவு வேறெங்கே அறுந்தாலும் உண்ணாமலை பிணைத்த இடத்தில் அறுகாது என்பதை அவளுக்கு ஆகாதவர்கள்கூட ஒப்புக்கொண்டார்கள். ஆகாதவர்கள் ஒப்புக்கொள்வதைவிடப் பெரிய பட்டம் அந்தத் தெருவில் கிடையாது.

எழுத்து தெரியாது. ஆனால் எண்ணுவாள். நாலு எட்டு தள்ளி நின்றபடியே தறியைப் பார்த்து, "நடுவால மூணு நூலைக் காணோமுங்க" என்பாள். நெய்கிறவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தேடினால், சரியாக மூன்று நூல் இருக்காது.

புருஷன் கருப்பண்ணன் குழித்தறியில் உட்கார்ந்தால் சோற்றுக்குக்கூட எழுந்திருக்க மனம் வராத ஆள். வாந்திபேதி ஊருக்குள் வந்த வருஷம், அதுதான் அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போயிற்று. அவர் விட்டுவிட்டுப் போனது ஒரு ஆறு வயதுப் பையனும், விலை போகாத இரண்டு டஜன் துண்டும். துண்டு விலை போகாததற்குக் காரணம் அதன் கரை. இரண்டு மஞ்சள் கோடு, நடுவில் ஒரு ரோஸ் கோடு, மறுபடி இரண்டு மஞ்சள். யாரைக் கேட்டு அந்த மனிதர் அப்படி ஒரு கரையைப் போட்டாரோ தெரியாது. சந்தையில் பார்த்தவர்கள் எல்லாம் பல்லுவலி வந்தவர்கள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதனால் அந்த வீட்டில் குளித்தால் துடைப்பதும், வெயிலுக்குத் தலையில் போடுவதும், வாசலில் விரித்து மிளகாய் காயவைப்பதும் எல்லாம் அந்தத் துண்டுதான்.

பையன் பெயர் சென்றாயன். ஐந்தாவது வரைக்கும் படித்தான். அதற்கு மேல் படிக்க வைக்கச் சொல்லி வாத்தியார் கட்டாயப்படுத்தவில்லை, அவருக்கும் உயிர்மேல் ஆசை உண்டு. தறிக்குழிக்குள் தவளையை விட்டுவிட்டு, நெய்கிறவர் மிதியில் கால் வைக்கிற நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே நிற்பான். தறியில் குறுக்கு நூலை ஓட்டுகிற நாடாவை எடுத்துச் சோற்றுப் பானைக்குள் போட்டு மூடுவான். நூல்கார முதலியாரின் குரலை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "ஏம்மா உண்ணாமலை, பாவு என்ன ஆச்சு?" என்று அதட்டுவான். அவள் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, "வாரேனுங்க, இதோ வாரேனுங்க" என்று ஓடி வருவாள். வாசலில் இவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவான்.

இதில் ஒரு விஷயம் அவனுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. இரண்டாம் மூன்றாம் தடவையிலேயே அது யார் குரல் என்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அதற்கப்புறமும் பத்து வருஷம் ஓடி வந்தாள். சிரிக்கிற சத்தம் அந்த வீட்டில் அந்த ஒரு சமயத்தில்தான் கேட்கும்.

யுத்தம் நாலாவது வருஷத்துக்குள் போனபோது நூல் வரத்து நின்றது. முப்பது தறியில் இருபத்தாறு தறி மூச்சுவிடவில்லை. குழிக்குள் கோழி முட்டை வைத்தது. பாவு இல்லாத ஊரில் பிணைக்கிறவளுக்கு என்ன வேலை? சென்றாயன் ஒருநாள் சேலத்துக்குப் போய்ப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற இடத்தில் நின்றான். எடை போதவில்லை, நாளைக்கு வா என்றார்கள். மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் இரண்டு சொம்புத் தண்ணீரையும் வயிற்றுக்குள் இறக்கிக்கொண்டு, நடந்தால் சிந்திவிடும் என்பதுபோல் மெல்ல நடந்து போய் தராசில் ஏறினான். எடை சரியாக இருந்தது. சர்க்காரையே ஏமாற்றிவிட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தான். சர்க்கார் யாரை ஏமாற்றியது என்று அப்போது ஒருவருக்கும் யோசனை ஓடவில்லை.

போகும்போது தோளில் அந்த மஞ்சள் கரைத் துண்டு. "செத்தாலும் என்னெ அடையாளம் தெரியுமுங்கம்மா. இந்தக் கரையெ எவனும் கட்ட மாட்டான்" என்றான். வாயில் அடித்தாள். அடி மெதுவாகத்தான் விழுந்தது.

மகன் போன பிறகு அவள் சேலத்துக்கு வந்து அஸ்தம்பட்டியில் ஒரு துரை பங்களாவில் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்தாள். படுக்கப் பின்கட்டில் ஒரு அறை. சமையல்காரன் கந்தவேல் என்று ஒருவன். ஊரில் எல்லோரையும் கிண்டல் செய்வதற்காகத் தன்னைத் துரையே நியமித்திருப்பதாக அவனுக்கு எண்ணம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா செல்வமேரி. இருபத்து நாலு வயது, கன்னிமார் மடத்துப் பள்ளியில் வளர்ந்தவள், எழுதுவாள், படிப்பாள், ஊசி எடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு பின்னுவாள். இவர்கள் இரண்டு பேரைத்தான் உண்ணாமலைக்கு அந்த ஊரில் தெரியும்.

சென்றாயனின் முதல் கடிதம் வெண்ணந்தூருக்குப் போய், அங்கிருந்து பங்களா விலாசத்துக்குத் திருப்பப்பட்டு ஆவணியில் வந்தது. செல்வமேரிதான் படித்தாள். இரண்டு இடத்தில் கறுப்பு மை பூசி எழுத்தை அழித்திருந்தார்கள். மீதியில் இது இருந்தது: "இருக்கிற எடத்தோட பேரு சொல்லக் கூடாதாம். மலைன்னு மட்டும் சொல்லலாம். தண்ணியில கை வெச்சா வெரல் என்னோடது இல்லாத மாதிரி இருக்குது. இப்பவே இப்படின்னா மார்கழியில பாருங்கறாங்க. துண்டெத்தான் காதுக்குக் கட்டியிருந்தேன், அது நாராப் போச்சு. காதுக்குள்ள காத்துப் போனா நெஞ்சு வரைக்கும் போகுது அம்மா. மத்தபடி சொகம். சோத்துல கல்லு இல்லெ, கல்லுலதான் கொஞ்சம் சோறு."

கந்தவேல் சிரித்தான். செல்வமேரியும் சிரித்தாள். உண்ணாமலை மட்டும், "காதுன்னு எழுதியிருக்கறதெ இன்னொருக்கா படி அம்மிணி" என்றாள்.

அவள் கவலைப்படக் காரணம் இருந்தது. சின்ன வயதிலிருந்தே சென்றாயனுக்குக் காதில் காற்றுப் புகுந்தால் மூன்றாம் நாள் நெஞ்சில் சளி கட்டிவிடும். உப்பு ஒத்தடமும் அவளுடைய முந்தானையும் இல்லாமல் அது இறங்கினதே இல்லை.

புதன்கிழமைதோறும் பங்களா வராந்தாவில் துரைசானிகள் ஏழெட்டுப் பேர் கூடி, சிப்பாய்களுக்கென்று தர்மத்துக்குக் குல்லாயும் மப்ளரும் பின்னுவார்கள். வெளியே புழுக்கத்தில் காக்கை வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். உள்ளே மடிநிறையக் கம்பளியை வைத்துக்கொண்டு இவர்கள் வேர்த்து வழிவார்கள். கடையில் கம்பளி கிடைக்காத காலம். அதனால் பழைய சட்டையைப் பிரித்த நூல், குழந்தை கவுன் பின்னி மிஞ்சியது, தேநீர்க் கூஜாவுக்கு உறை போட்டு மிஞ்சியது என்று துண்டும் துக்காணியுமாக ஒரு பிஸ்கட் டப்பாவில் சேரும். காக்கி நூல் கொஞ்சம்தான். அதனால் குல்லாவின் வெளிப்பக்கம் மட்டும் காக்கி. காதை மூடுகிற மடிப்பின் உள்பக்கம் எந்த நிறமாக இருந்தாலும் சரி, எதிரிக்குத் தெரியப்போவதில்லை. வெளியே பட்டாளம், உள்ளே மாரியம்மன் பண்டிகை.

"இந்தக் குல்லா எங்கம்மிணி போகுது?" என்று உண்ணாமலை கேட்டாள்.

"மலையில இருக்கற சிப்பாய்களுக்குங்க்கா. பேரெல்லாம் எழுத மாட்டாங்க. மொத்தமாப் போகும், குமிச்சு வெச்சுக் குடுப்பாங்க. ஆருக்கு எது வாய்க்குதோ அது."

உண்ணாமலை அன்று முழுக்க யோசித்தாள். பாத்திரத்தில் சாம்பல் அப்படியே இருக்க, கந்தவேல் கத்தினான். மறுநாள் செல்வமேரியிடம் வந்து, "எனக்கும் பின்னச் சொல்லிக் குடு" என்றாள்.

"எதுக்குங்க்கா? கூலி கெடையாது."

"குமிச்சு வெக்கறதுல எங்கூட்டுக் குல்லா இருந்தா, ஒண்ணாச்சும் அவங் கைக்குப் போகாதா?"

"ஆயிரம் சிப்பாய் இருப்பாங்க."

"உள்பக்கம் எந்த நெறம்னாலும் போடலாம்னு சொன்னீல்லொ?"

அப்புறம்தான் செல்வமேரிக்கு விளங்கிற்று. டப்பாவைக் கிளறி உண்ணாமலை எடுத்து வைத்திருந்தது கூஜா உறையில் மிஞ்சிய மஞ்சளும், குழந்தை கவுனில் மிஞ்சிய ரோஸும். இரண்டு மஞ்சள், ஒரு ரோஸ், இரண்டு மஞ்சள். உலகத்தில் ஒருத்தனும் விரும்பி எடுக்காத கரை. ஒருத்தன் மட்டும் எடுப்பான்.

"லெட்டர்ல எழுதிடட்டுங்களா?" என்றாள் செல்வமேரி.

"எழுதாதே சாமி. நானு வெண்ணந்தூர்லயே கெடக்கறதா நெனச்சுக்கட்டும். குல்லாயெ எடுப்பான். இதென்னடா எங்கூட்டுக் கரை இங்க வந்துதுன்னு முழிப்பான். ஊருக்கு வந்ததும் சொல்லலாம். இத்தனெ வருசமா என்னெ ஏமாத்துனான். ஒருக்கா நானு ஏமாத்தறேன்."

அதைச் சொன்னபோது அவள் முகத்தில் வந்த சிரிப்பை செல்வமேரி அதற்கு முன்பும் பார்க்கவில்லை, பின்பும் பார்க்கவில்லை.

பின்னல் இருபது நாளில் கைக்கு வந்தது. ஆயிரம் நூல் முறுக்கின விரலுக்கு இரண்டு ஊசி ஒரு பாரமா? தகராறு வந்தது நூலை ஒட்டுகிற இடத்தில்தான். துண்டு நூல் ஒரு முழம், அரை முழம் என்றுதான் கிடைக்கும். ஒரு குல்லாவுக்குள் நாற்பது இடத்தில் ஒட்டு வரும். முடிச்சுப் போட்டால் இரும்புத் தொப்பியின் கீழ் அழுத்திப் புண்ணாகும் என்று பங்களாத் துரைசானி முடிச்சைத் தடை செய்திருந்தாள். செல்வமேரி வழி காட்டினாள். இரண்டு நுனியையும் பிரித்து ஒன்றின்மேல் ஒன்று வைத்து, நாக்கில் தொட்டு எச்சில் பண்ணி, உள்ளங்கையில் வைத்துச் சூடு வர உருட்டினாள். இழுத்தாள். வரவில்லை. இரண்டும் ஒரே நூலாகிவிட்டது.

உண்ணாமலை இரண்டு எட்டு பின்னால் போய்விட்டாள்.

"ஏனம்மிணி, எச்சிலா? தர்மம் பண்றதுலயா? ஒருத்தன் தலையில வெக்கறதுலயா?"

"கம்பளிக்கு அதுதாங்க்கா பசை. மடத்துச் சிஸ்டரே அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"உங்க சிஸ்டர் சாமியார். அவிய எச்சில் தீர்த்தமாட்டம். நாஞ் சமுசாரி. எச்சில் பண்ணிக் குடுத்தா வாங்குனவனுக்கும் ஆகாது, குடுத்தவளுக்கும் ஆகாது."

"கொழந்தைக்கு மென்னு ஊட்டறதில்லீங்களா?"

"அது பெத்த புள்ளைக்கு. இது ஊரான் ஊட்டுப் புள்ளைக்குக் குடுக்கற தானம். ரெண்டும் ஒண்ணா?"

"தண்ணியெத் தொட்டுக்கங்க, போதும்" என்று செல்வமேரி இறங்கி வந்தாள். ஆனால் உண்ணாமலைக்குத் தண்ணீர்மேல் நம்பிக்கை இல்லை. அவளுக்கு நம்பிக்கை உள்ள பொருள் உலகத்தில் ஒன்றுதான். மறுநாள் சமையல்கட்டு வாசலில் கொட்டாங்கச்சியோடு நின்றாள்.

"ரெண்டு கரண்டி கஞ்சி ஊத்துங்க கந்தவேல்."

"அரிசியே ஆழாக்குத்தான் அளந்து போடறாங்க, கஞ்சி கேக்கறியா? உம் பங்கெத்தான் ஊத்துவேன்."

"எம் பங்கெத்தான் கேட்டேன்."

அந்த ஆவணியிலிருந்து ஐப்பசி வரைக்கும் அவள் குடிக்க வேண்டிய கஞ்சியில் பாதியைக் குல்லாய் குடித்தது. பெருவிரலில் ஒரு பொட்டு, ஒரு முறுக்கு, ஒரு உருட்டு. காய்ந்தால் கம்பிபோல நின்றது. கந்தவேல் தினமும், "என்ன, உம்மவன் குல்லாய்க்குப் பசி அடங்குச்சா? நாளைக்கு ஊறுகாய் வேணுங்குமா?" என்பான். அவள் பதில் சொல்ல மாட்டாள். ஒரு தடவை மட்டும், "அதாச்சும் நீ பண்ணறதெக் கொறை சொல்லாமெக் குடிக்குது" என்றாள்.

துரைசானி குல்லாவுக்குள் கையை விட்டு ஒரு முடிச்சாவது மாட்டாதா என்று சுற்றிச் சுற்றித் தடவினாள். ஒன்றும் மாட்டவில்லை. "வெரி குட், வெரி குட்" என்றாள். வந்திருந்த மற்றத் துரைசானிகளிடமும் காட்டினாள். உண்ணாமலைக்கு ஆகாதவர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லையே என்பதுதான் குறை.

ஐப்பசி முடிவதற்குள் பதினாறு குல்லாய் பின்னி முடித்தாள். மற்றவர்கள் பின்னியதோடு சேர்த்துப் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டி, சாக்கு வைத்துத் தைத்து, ஸ்டோர் ரூமில் கொள்ளு மூட்டைக்குப் பக்கத்தில் அடுக்கினார்கள். மார்கழிக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. அடுத்த வாரம் அனுப்பிவிடுவோம் என்றாள் துரைசானி. நெய்த துண்டு வாரச் சந்தைக்குப் போவதுபோல் குல்லாயும் போய்விடும் என்று உண்ணாமலை நினைத்தாள். கஞ்சி போட்ட துணி அவள் பிறந்த ஊரில் எந்த வீட்டிலும் எட்டு நாளைக்கு மேல் தங்கினதில்லை. வாங்கினவன் முதலில் அலசிவிட்டுத்தான் கட்டுவான். அதற்குமேல் கஞ்சிக்கு ஆயுள் உண்டு என்பதையே அவள் யோசித்தது கிடையாது.

அடுத்த வாரம் அனுப்பவில்லை. நூறு குல்லாய் சேரட்டும் என்றார்கள். நூறு சேர்ந்தது. பெரிய துரை ஒருவர் வந்து பார்த்து, டீ குடித்து, போட்டோ எடுத்து அனுப்பி வைப்பார் என்றார்கள். பெரிய துரைக்கு ஒரு வாரம் வயிறு சரியில்லை. ஒரு வாரம் வேட்டை. ஒரு வாரம் மழை. கார்த்திகை போயிற்று. உண்ணாமலை பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்து பார்த்தால் ஸ்டோர் ரூம் ஜன்னல் வழியாகச் சாக்குக் கட்டு தெரியும். தினமும் பார்ப்பாள். துரைசானி அந்தப் பக்கம் வந்தால், "அம்மா, மலையில குளுருதாமுங்க" என்பாள். துரைசானி, "யெஸ், யெஸ், நெக்ஸ்ட் வீக்" என்று சொல்லிக்கொண்டே போவாள். மேலே என்ன கேட்பது என்று உண்ணாமலைக்குத் தெரியாது. கேட்டாலும் எந்தப் பாஷையில் கேட்பது?

அந்த மாதத்தில் ஒருநாள் கந்தவேல் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தான். "எம் பூனெயெப் பாத்தீங்களா? கொண்டாந்து பத்து நாளுதான் ஆச்சு. கொள்ளு மூட்டையில எலி வாயே வெக்கறதில்லெ."

பூனை அடுப்பங்கரையில் தூங்கிக்கொண்டிருந்தது. அது வந்த நாளிலிருந்து தூக்கத்தைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. எலிகள் ஏன் கொள்ளை விட்டுவிட்டன என்று ஒருவரும் கேட்கவில்லை. உண்ணாமலையும் கேட்கவில்லை. பூனைக்கு ஒரு வாய் சோறு எடுத்து வைத்தாள்.

மார்கழி பிறந்து நாலாம் நாள் பெரிய துரை வந்தார். டீ குடித்தார். வராந்தாவில் துரைசானிகளை நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். சாக்கைப் பிரிக்காமல் அப்படியே வண்டியில் ஏற்றினார்கள். உண்ணாமலை வாசல் கேட் ஓரம் நின்று, வண்டி ஏற்காட்டு ரோட்டைத் தாண்டித் திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் தன் பங்குக் கஞ்சியை முழுசாகக் குடித்தாள்.

மாசி மாதம் கடிதம் வந்தது.

அவளும் செல்வமேரியும் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார்கள். கந்தவேல் சற்றுத் தள்ளிக் கத்தியும் காய்கறியுமாக உட்கார்ந்து காதை மட்டும் இந்தப் பக்கம் அனுப்பியிருந்தான். செல்வமேரி உறையைப் பிரித்துப் படித்தாள்: அம்மாவுக்கு நமஸ்காரம், சுகம், கொஞ்சம் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் படுக்கை, பால் குடுக்கிறார்கள், பக்கத்துக் கட்டிலில் ஆத்தூர்க்காரன் ஒருவன், அவன் குறட்டையில் ஜப்பான்காரன் ஓடிப்போவான். குல்லாய் கொடுத்தார்கள். எல்லோருக்கும் கிடைத்தது. ஊரில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும். இப்படிக்கு.

கடைசி வரியில் அவள் குரல் ஒரு தினுசாக இருந்தது. மடித்து உறைக்குள் வைக்கப் போனாள்.

"முழுசாப் படி" என்றாள் உண்ணாமலை.

"முழுசும் படிச்சாச்சுங்க்கா."

"இந்தப் பக்கத்துல இருவத்திரண்டு வரி இருக்குது. உங் கண்ணு பதினாலு தடவெதான் ஓடித் திரும்புச்சு. நடுவால எட்டு வரியெக் காணோம்."

செல்வமேரி கடிதத்தை மடியில் கவிழ்த்துக்கொண்டாள்.

"குல்லாய்னு சொன்னீல்லொ, அதுக்குக் கீழெ."

"அக்கா, வேண்டாமுங்க்கா."

"படி சாமி."

செல்வமேரி படித்தாள். நடுவில் நிறுத்தினாள். மறுபடி படித்தாள்.

"ஒரு கூத்து கேளுங்க அம்மா. மார்கழிக் கடைசியில குல்லாய் வந்துச்சு. குமிச்சு வெச்சு, இஷ்டத்துக்கு எடுத்துக்கங்கன்னாங்க. நல்ல கெட்டிக் குல்லாயெல்லாம் கெடந்துச்சு. ஒண்ணெத் திருப்பிப் பாத்தா உள்ளாற நம்ம ஊட்டுத் துண்டுக் கரை. ரெண்டு மஞ்சள், ஒரு ரோஸ், ரெண்டு மஞ்சள். அப்பாவெத் தவிர இந்தக் கிறுக்குப் புத்தி சீமையிலயும் ஒருத்தருக்கு இருக்குதாட்டம் இருக்குது. வேற எதையும் பாக்கலெ, அதெத்தான் எடுத்தேன். மாட்டிட்டு ராத்திரி பாராவுக்கு நின்னேன். கொஞ்ச நேரத்துல பொலபொலன்னு பிரிஞ்சு நாப்பது துண்டாக் கழுத்துல விழுந்துச்சு. வெளிச்சத்துல பாத்தா ஒட்டுப் போட்ட எடமெல்லாம் எலி தின்னிருக்குது. எவளோ ஒரு துரைசானி கஞ்சி போட்டுப் பின்னியிருக்கா. இவனுக எல்லாம் என்னெப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சானுக. விடிய விடியக் காத்து. அதுலதான் நெஞ்சுல கட்டிக்கிச்சு. நீங்க இருந்தா ஒத்தடம் குடுப்பீங்க. நானு இவனுககிட்டச் சொன்னேன், எங்கம்மா பிணைச்ச எடம் அறுகாதுடா, அவியளெ விட்டுப் பின்னச் சொல்லியிருக்கோணும்னு."

காய் நறுக்குகிற சத்தம் நின்றுவிட்டது. எந்த இடத்தில் நின்றது என்று கந்தவேலுக்கே தெரிந்திருக்காது. அவன் எழுந்து அடுப்பங்கரைக்குள் போனான். உள்ளே பூனையை உதைத்திருக்க வேண்டும். அது கத்திக்கொண்டு வெளியே ஓடிற்று.

"தேதி போட்டிருக்குதா?" என்றாள் உண்ணாமலை.

"தை மாசம் மூணாந் தேதிங்க்கா."

"இன்னிக்கு?"

"மாசி இருவத்தஞ்சு."

உண்ணாமலை விரலை விட்டு எண்ணவில்லை. அவளுக்கு எண்ண விரல் தேவையில்லை. ஐம்பது நாளுக்கு மேல். காதில் காற்றுப் புகுந்தால் மூன்றாம் நாள். உப்பு ஒத்தடம் இல்லை. பெயர் சொல்லக் கூடாத ஊர்.

"காச்சல் எறங்கியிருக்குமுங்க்கா. ஆஸ்பத்திரியில டாக்டர் இருப்பாரு, மருந்து இருக்கும். இப்பவே பதில் எழுதட்டுங்களா? அந்தக் குல்லாய் நீங்க பின்னினதுதான்னு எழுதிரட்டுங்களா?"

"எழுதாதே."

"ஏனுங்க்கா?"

"கேட்டா சிரிப்பான். இருமலோட சிரிச்சா நெஞ்சு வலிக்கும்."

பதில் போயிற்று. சுகமா, சாப்பிடு, காதை மூடிக்கொள் என்று மட்டும் எழுதச் சொன்னாள். பங்குனியில் வேறு கடிதம் வரவில்லை. சித்திரையிலும் வரவில்லை. தபால்காரன் தெருமுனையில் தெரிந்தால் செல்வமேரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். உண்ணாமலை ஓடி வந்து கேட்டில் நிற்பாள். கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, அந்தப் பழைய ஓட்டம். அவன் தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளை மிதிப்பான். ஏமாறுகிறோம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதானே முன்பும் ஓடினாள்? ஆனால் இப்போது வாசலில் சிரிக்க ஆள் இல்லை.

வைகாசியில் துரைசானிகள் அடுத்த வருஷத்துக் குளிருக்காக மறுபடி டப்பாவைத் திறந்தார்கள். உண்ணாமலையைக் கூப்பிட்டனுப்பினார்கள். முடிச்சு இல்லாமல் பின்னுகிற அந்தப் பொம்பளை எங்கே என்று கேட்டார்களாம். நாற்பது துண்டாக விழுந்த கதை அங்கே ஒருவருக்கும் தெரியாது. போட்டோ மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தது.

அவள் போவாள் என்று செல்வமேரி நினைக்கவில்லை. போனாள். மஞ்சளும் ரோஸும் தேடினாள், ரோஸ் தீர்ந்துவிட்டிருந்தது. கிடைத்த நூலை எடுத்துக்கொண்டு வந்து கிணற்றடியில் உட்கார்ந்தாள். கண்ணி ஏற்றினாள். முதல் துண்டு நூல் தீர்ந்து ஒட்டுப் போடுகிற இடம் வந்தது. கந்தவேல் ஒரு கொட்டாங்கச்சி நிறையக் கஞ்சியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். கேட்காமலே, பங்கும் பேசாமல். அவள் அதைப் பார்த்தாள். எடுத்து வாழை மரத்தடியில் கவிழ்த்தாள்.

"அம்மிணி" என்றாள்.

"என்னங்க்கா?"

"மூணு வயசு வரைக்கும் அவனுக்கு மென்னுதான் ஊட்டினேன். பல்லு மெதுவாத்தான் மொளச்சுது."

செல்வமேரி தலையைக் குனிந்துகொண்டாள்.

உண்ணாமலை இரண்டு நுனியையும் பிரித்தாள். ஒன்றின்மேல் ஒன்றை வைத்தாள். தலையைத் திருப்பி யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, நூலை நாக்கில் வைத்தாள். எடுத்துப் பார்த்தாள். நூல் நனையவில்லை. மறுபடி வைத்தாள். வாய் காய்ந்து கிடந்தது. எத்தனை தடவை வைத்தும் எச்சில் ஊறவில்லை.